நார்மண்டிக் கரைக்கு எவ்வழி செல்வது?

1944 ஜூன் 6 அன்று நேச நாட்டுப் படைகள் வந்திறங்கிய பிரான்சின் நார்மண்டிக் கரையைக் காண விழைவோர் முதலில் நிலப்படத்தை விரித்துப் பாருங்கள். யூட்டா, ஒமாஹா, கோல்டு, ஜூனோ, ஸ்வோர்டு என்னும் ஐந்து கரைகளும் ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவுக்குப் பரந்து கிடக்கின்றன. வாடகைக் காரில் ஒரே நாளில் சுற்றிவிடலாம் என்பர். எண்பதை நெருங்கும் என் வாப்பாவுக்கு அவ்வோட்டம் ஆகாது.

ஆகவே, இன்ஷா அல்லாஹ், பாரிசின் சேன் லசார் நிலையத்தில் இரயிலேறி, பாயோ நகரில் மூன்று இரவுகள் தங்க எண்ணியுள்ளோம். சில இரயில்கள் நேரே செல்லும். மற்றவற்றில் கான் நகரில் மாறவேண்டும். பாயோவிலிருந்து கடல் 10 கிலோமீட்டர்தான். பேருந்து உண்டு, கோடை கழிந்தால் குறைந்துவிடும். திரும்பும் கடைசிப் பேருந்தின் நேரத்தையே முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கே ஒதுங்கிய யூட்டாவை நான் விட்டுவிட்டேன். அரோமான்ஷில் செயற்கைத் துறைமுகத்தின் கான்கிரீட் பெட்டகங்கள் இன்றும் நிற்கின்றன. கடல் வற்றும் வேளையில் சிலவற்றின் அருகே நடந்து செல்லலாம்.

வாப்பாவோ, மாண்டோரின் அடக்கத்தலத்தையே முதலில் காணவேண்டும் என்கிறார். பாயோவிலுள்ள அத்தலத்தில் 4,600க்கும் மேற்பட்டோர் அடங்கியுள்ளனர். எதிரணி ஜெர்மானியரும் அவர்களுள் உளர். அது ஊருக்குள்ளேயே இருப்பதால் வண்டி தேவையில்லை.