பழைய ஒஸ்ரினின் தேய்மானம்: யாழ்ப்பாணத்துக் கராஜ்களின் கணக்கு

யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் ஏ40, ஒஸ்ரின் கேம்பிரிட்ஜ், மொறிஸ் மைனர் ஆகிய கார்கள் இன்னும் கைமாறுகின்றன. இவற்றில் கடைசிவரை வெளிவந்த மொறிஸ் மைனரின் உற்பத்தியே 1971இல் நின்றுவிட்டது. ஆகவே தேயாத கார் என்று ஒன்று விற்பனைக்கு வருவதில்லை. எது தேய்ந்திருக்கிறது, அதைத் திருத்தலாமா, ஓரிடத்துத் தேய்மானம் மற்ற இடத்தோடு ஒத்துப்போகிறதா என்பதையே கராஜ்காரர் பார்க்கிறார். மைல்மீற்றரை அவர் பொருட்படுத்துவதில்லை. ஐந்து இலக்கம் கொண்ட அது 99,999 மைலுக்குப் பிறகு பூச்சியத்துக்குத் திரும்பிவிடும். எத்தனை தடவை திரும்பியது என்று யாருக்கும் தெரியாது.

குடாநாட்டுக் கார்களின் எஞ்சினைப் பார்ப்பவர் 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடையையும் கணக்கில் எடுக்கவேண்டும். பெற்றோல் கிடைக்காத அந்த ஆண்டுகளில், காபரேற்றரில் சில துளி பெற்றோல் விட்டு ஸ்ராட் செய்து, சூடேறியதும் மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். அமுக்க விகிதம் குறைந்த பழைய எஞ்சின்கள் அதைத் தாங்கின. ஆனால் முழுதும் எரியாத மண்ணெண்ணெய் சிலிண்டர் சுவரின் ஒயில் படலத்தைக் கழுவிக்கொண்டு சம்ப்புக்குள் இறங்கி, அங்குள்ள ஒயிலையும் நீர்த்துப்போகச் செய்யும். றிங், போர், பெயாரிங் மூன்றும் அதனால் தேயும். 1995 ஒக்ரோபர் இடப்பெயர்வின்போது கொட்டிலில் விடப்பட்ட கார்களின் சேதம் வேறுவகை. நெடுநாள் அசையாமல் நின்றால் றிங் இறுகும். பிரேக் சிலிண்டருக்குள் துரு ஏறும். பிறகு எஞ்சினைப் பிரித்து ரீபோர் செய்திருந்தால் இந்தக் கதையெல்லாம் பழங்கதை. செய்ததாக வாயால் சொல்வது மட்டும் போதாது.

பரிசோதனை, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது தொடங்கவேண்டும். முதலில் பொனற்றைத் தொட்டுப் பார்ப்பார்கள். வாங்குபவர் வருமுன்னரே அது சூடாக இருந்தால் விற்பவர் எதையோ மறைக்கிறார் என்று சந்தேகிக்கலாம். அடுத்தது, எஞ்சினைக் கையால் சுற்றும் ஹாண்டில். நவீன கார்களில் இல்லாத வசதி இது. இக்னிஷனை நிறுத்தி, கியரை நியூற்றலில் வைத்து, ஹாண்டிலை மெதுவாகச் சுற்றினால் இரண்டு சுற்றில் நான்கு சிலிண்டரின் அமுக்கமும் ஒவ்வொன்றாகக் கையில் தெரியும். நான்கும் ஒரே அளவு எதிர்க்கவேண்டும். ஒன்று மட்டும் தளர்வாகப் போனால் அந்த சிலிண்டரின் பிளக்கைக் கழற்றி, ஒரு கரண்டி ஒயில் விட்டு, பிளக்கை மாட்டி மறுபடி சுற்றுவார்கள். எதிர்ப்புக் கூடினால் தேய்ந்தது றிங். கூடாவிட்டால் பெரும்பாலும் வால்வு. வால்வு என்றால் ஹெட்டைக் கழற்றுவதோடு வேலை முடியும். றிங், போர் என்றால் எஞ்சினையே பிரிக்கவேண்டும். விலைபேசும்போது இந்த வேறுபாடு பெரியது. அனுபவசாலியின் கைக்கு அமுக்கமானி தேவையில்லை என்பது மிகைப்பேச்சல்ல.

ஸ்ராட் செய்தபின் புகையைப் பார்க்கவேண்டும். நீலம் என்றால் ஒயில் எரிகிறது. நீராவி மறைந்த பின்னும் வெள்ளைப் புகை நிற்காவிட்டால் ஹெட் காஸ்கெற்றைச் சந்தேகிக்கலாம். கறுப்பு, காபரேற்றர் சரிசெய்தால் தீரக்கூடியது. ஓட்டிப் பார்க்கையில், நகரும் காரில் முதல் கியர் கரகரத்தால் பயப்படத் தேவையில்லை. இந்தக் கார்களில் அந்தக் கியருக்கு சின்க்ரோமெஷ் கிடையாது. இரண்டாவது கரகரத்தாலும், அக்சிலரேற்றரை விட்டதும் கியர் தானாக வெளியே துள்ளினாலும் அது தேய்மானம்.

முன்சில்லைத் தூக்கி, மேலும் கீழும் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். இன்னொருவர் பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் சில்லுப் பெயாரிங், நிற்காவிட்டால் கிங்பின்.

எஞ்சினை எத்தனை தடவையும் செய்விக்கலாம், தகரம் உக்கினால் கார் போய்விட்டது. தீவகத்திலும் வடமராட்சிக் கரையிலும் நின்ற கார்களை உப்புக்காற்று தின்றிருக்கும். உவர்க்கிணற்றுத் தண்ணீரில் கழுவிய கார்கள் அடியிலிருந்து உக்கும். ஏ40 டெவன், சொமர்செற் இரண்டுக்கும் தனிச் சேஸி உண்டு. மொறிஸ் மைனருக்கு உடலே சேஸி என்பதால், அதன் தளமும் கதவுக்குக் கீழுள்ள ஓரமும் பின் வில்லுப் பூட்டுகளும் உக்கியிருந்தால் ஆபத்து. துணி சுற்றிய காந்தம் எங்கே ஒட்டவில்லையோ அங்கே பட்டி பூசியிருக்கிறது. புதுப் பெயின்ற் அடித்த காரைவிட நிறம் மங்கிய கார் நம்பகமானது. குறைந்தபட்சம் அதன் துரு கண்ணுக்குத் தெரிகிறது.

2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டபின் பழைய வாகனம் எல்லாவற்றுக்கும் விலை ஏறியதால், ஆவணங்களைப் பார்ப்பதில் அவசரம் கூடாது. எஞ்சின் இலக்கமும் சேஸி இலக்கமும் பதிவுப் புத்தகத்தோடு பொருந்தவேண்டும். எஞ்சின் மாற்றியிருந்தால் அந்த மாற்றம் மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதியப்பட்டிருக்கவேண்டும். பெயர் மாற்றாமல் கையொப்பமிட்ட படிவத்தோடு கைமாறும் ‘ஓப்பின் பேப்பர்’ கார்களில், பதிவிலுள்ள உரிமையாளரைக் கண்டுபிடிப்பதற்கு முன் முற்பணம் கொடுப்பது புத்தியல்ல.