ஆயாவுக்காக ஒரு சோபா

பழைய சோபாவைத் தூக்கிப் போடுவதற்கு முன்னால் ஒருமுறை கவிழ்த்துப் பார்த்துவிட வேண்டும். துணி கிழிந்திருக்கலாம், நுரை அமுங்கியிருக்கலாம். கால்கள் ஆடாமல், மரத்தைச் செல்லரிக்காமல் இருந்தால் அதற்கு இன்னும் ஆயுசு இருக்கிறது.

பொம்மிடியில் ஒரு வீட்டில் அப்படி ஒரு தேக்கு சோபா. மூன்று பேர் உட்காரலாம். ரெக்சின் வெடித்து, சீட் குழி விழுந்ததும், தவணையில் புதுசு வாங்கிவிடலாம் என்றார் மகன். 78 வயது ஆயா எதுவும் சொல்லவில்லை. சில மாதங்களாகவே அவர் கூடத்துக்கு வருவதில்லை. உள்ளறைக் கட்டிலோடு சரி. பேத்தி கேட்டபோதுதான் காரணம் தெரிந்தது.

"அதுல உக்காந்தா கிணத்துல எறங்கின மாதிரி இருக்குது கண்ணு. எழுப்பிவிட ஒரு ஆள் வேணும்."

மருமகள் டேப்பை எடுத்து, துணிக்கு முன்னால் உயரத்தை அளந்தார். உட்கார்ந்தால் ஆயாவின் பாதம் தரையில் முழுசாகப் பதிய வேண்டும். முட்டி இடுப்பைவிட மேலே போகக் கூடாது. குஷன் வேலை செய்பவர் முதலில் அடியில் தொய்ந்திருந்த பெல்ட்டுகளை மாற்றினார். அதை விட்டுவிட்டுப் புது நுரை போட்டால் அதுவும் சீக்கிரமே குழி விழும்.

"சீட்டுக்கு 40 டென்சிட்டி போட்டுக்கலாம்மா. சாயறதுக்கு மெத்துனு இருந்தாப் போதும்" என்றார். ஒரு கன மீட்டர் நுரை 40 கிலோ எடை இருக்கும் என்பதுதான் அந்தக் கணக்கு. எண் கூடக்கூட நுரை சீக்கிரம் அமுங்காது.

வெயில் காலத்தில் ரெக்சின் முதுகில் ஒட்டும் என்பதால் கனமான பருத்தித் துணி எடுத்தார்கள். 54 அங்குல அகலத் துணியில் ஆறு குஷனுக்குச் சுமார் 6 மீட்டர் ஆனது. கோடு போட்ட துணி என்றால், கோடுகள் சேர்ந்து வர இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். பருத்தி சுருங்கும், அதனால் வெட்டுவதற்கு முன்பே நனைத்துக் காயவைத்தார் மருமகள். பழைய உறையின் தையலைப் பிரித்து, அதையே அளவுக்கு வைத்து வெட்டினார். கழற்றித் துவைக்கப் பின்பக்கம் ஜிப்.

இப்போதெல்லாம் சாயங்கால ரயில் சத்தம் கேட்கும் நேரத்தில் ஆயா கூடத்தில்தான் இருக்கிறார். எழுந்திருக்கும்போது மரக் கைப்பிடியை ஒரு அழுத்து அழுத்துகிறார். யாரையும் கூப்பிடுவதில்லை.