கடைசிச் சொட்டு

அப்பா போனபிறகு வந்த முதல் கோடை. புளியங்குடி வீட்டுக் கொல்லையில் எலுமிச்சம்பழங்கள் உதிர்ந்து கிடந்தன. எட்டுப் பழம் பொறுக்கி, தரையில் உருட்டி, அறுத்து, கடைசிச் சொட்டுவரை பிழிந்தேன். ஒரு மில்லிசெகண்டைக்கூட வீணாக்காமலிருக்கத்தான் எனக்குச் சம்பளமே. சர்க்கரை, ஒரு சிட்டிகை உப்பு, பானைத் தண்ணீர்.

மத்தியானம் கலக்கிய ஜூஸ் சாயங்காலம் கசந்தது. தோலின் வெள்ளைப் பகுதியிலும் நசுங்கிய விதையிலும் இருந்து வரும் கசப்பு. லிமோனின் என்று பெயர். நேரம் ஆக ஆக ஏறும். வேதியியல் எனக்குத் தெரியும், கைதான் கேட்கவில்லை.

"உங்கப்பா முக்காவாசிதான் பிழிவாக," என்றாள் அம்மா. "மிச்சத்த தோலோட ஊறுகாய்க்குன்னு எங்கிட்ட குடுத்துருவாக."

"இந்த வருசம் போடலையாம்மா?"

பதில் இல்லை. அடுக்களைப் பரணில் ஜாடி கவிழ்ந்திருந்தது. வந்து மூன்று நாள் ஆகியும் நான் அதைப் பார்க்கவில்லை.

டார்ச்சை எடுத்துக்கொண்டு மரத்தடிக்குப் போனேன். இன்னும் நாலு பழம் கிடந்தது.