நாற்பதில் ஒருத்தி

கிறிஸ்தவ சரித்திரக் கதை என்று சொன்ன மாத்திரத்தில் நம்மவர்களுக்கு ரோமாபுரிதான் நினைவுக்கு வருகிறது. தேர்ப் பந்தயம், சிங்கக் கூண்டு, எரியும் நகரம், உப்பரிகையில் நின்று வேடிக்கை பார்க்கும் நீரோ மன்னன்! அமெரிக்கரான லூ வாலஸ் 1880-இல் 'பென்ஹர்' கதையை வெளியிட்டார். போலந்து தேசத்தவரான ஸியென்கியெவிச்சின் 'குவோ வாடிஸ்' 1896-இல் புத்தகமாயிற்று. அவற்றைப் படித்தும், அவற்றிலிருந்து எடுக்கப்பட்ட சினிமாப் படங்களைப் பார்த்தும், நம் வீட்டுக் குழந்தைகள் ரோமாபுரியின் வீதிகளில் வழி கேட்காமலே நடந்து வரக்கூடியவர்களாகிவிட்டார்கள். சந்தோஷம். ஆனால் அதே குழந்தைகளைப் பாளையங்கோட்டையில் கொண்டுபோய் நிறுத்தி, "இதோ இந்தச் சின்னக் கோயிலைக் கட்டுவித்தவர் யார்?" என்று கேட்டால் விழிப்பார்கள்.

அந்தக் கோயிலுக்குக் கிளாரிந்தா ஆலயம் என்று பெயர். 'பாப்பாத்தியம்மாள் கோயில்' என்று சொல்லும் வழக்கமும் உண்டு. கிறிஸ்தவ ஆலயத்துக்கு அப்படி ஒரு பெயர் வந்த காரணத்தைக் கேட்டாலே பாதிக் கதை வெளிவந்துவிடும்.

கிளாரிந்தா அம்மையார் தஞ்சை மராத்திய அரசவையோடு சம்பந்தப்பட்ட பிராமண குலத்தில் பிறந்தவர். இளம் வயதில் கணவனை இழந்தவர். லிட்டில்டன் என்ற ஆங்கிலப் படை அதிகாரியின் பாதுகாப்பில் வந்து சேர்ந்தார். அந்த அதிகாரி அவருக்கு ஆங்கிலம் கற்றுக்கொடுத்தார். கிறிஸ்தவ மார்க்கத்தின் அடிப்படைகளைக் கற்றுக்கொடுத்தார். விவாகம் செய்துகொள்வதாக வாக்கும் கொடுத்தார். வாக்கு வாக்காகவே நின்றுவிட்டது. தஞ்சையிலிருந்த ஜெர்மானிய மிஷனரி ஸ்வார்ட்ஸ் ஐயரிடம் அம்மையார் ஞானஸ்நானம் கேட்டார். விவாகமில்லாமல் ஓர் ஆடவரோடு வாழ்கிறவருக்குக் கொடுப்பதற்கில்லை என்று ஸ்வார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-இல் பாளையங்கோட்டைக்கு வந்த அதே ஸ்வார்ட்ஸ் அவருக்கு ஞானஸ்நானம் கொடுத்தார். 1780-இல் எழுதப்பட்ட அவ்வூர்ச் சபைப் பதிவேட்டில் 40 பெயர்கள் இருக்கின்றன, முதற்பெயர் கிளாரிந்தா. 1785-இல் கோயில் எழும்பிற்று. திருநெல்வேலித் திருச்சபை தன் வரலாற்றுக் கணக்கை அந்த நாற்பது பெயர்களிலிருந்துதான் தொடங்குகிறது.

இவ்வளவு இருந்தால் ஒரு கதாசிரியனுக்குக் கை துறுதுறுக்காமல் இருக்குமா? 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவுக்குத் துறுதுறுத்தது. அவர் 1915-இல் 'கிளாரிந்தா' என்ற சரித்திர நாவலை ஆங்கிலத்தில் எழுதி வெளியிட்டார். மாதவையா ஹிந்து, திருநெல்வேலிச் சீமையின் பெருங்குளத்துக்காரர். தம் சீமையின் கிறிஸ்தவப் பெண்மணி ஒருவரைத் தம் வீட்டு மனுஷியாகப் பாவித்து எழுதினார். அவருடைய கதையில் கதாநாயகியை உடன்கட்டைச் சிதையிலிருந்து ஆங்கில அதிகாரி மீட்கிறான்.

'மாதவையா எழுதியிருக்கும்போது நீர் வேறு எதற்கு?' என்று நேயர்கள் கேட்கலாம். முதலில் கேட்டவர் நமது தமக்கையார். தமிழில் எழுதப் போகிறோம் என்று பதில் சொன்னோம்.

"தமிழாக இருக்கிறதா என்று நான் பார்க்கிறேன்" என்றார் அவர்.

தமக்கையார் 32 வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்றவர். பாளையங்கோட்டையிலேயே, கிளாரிந்தா ஆலயத்துக்கு நடந்து போகும் தூரத்தில் வசிக்கிறார். நாம் இருப்பது சென்னையில். அத்தியாயம் முடிய முடியக் கையால் எழுதித் தபாலில் அனுப்ப வேண்டும், காகிதத்தின் ஒரு பக்கத்தில் மாத்திரம் எழுதவேண்டும், மறுபக்கம் அவருடையது. கைபேசியில் அனுப்பினால் படிப்பாராம், திருத்த மாட்டாராம். இந்த ஒப்பந்தத்தின்படி காரியம் ஆரம்பமாயிற்று. பத்து நாளைக்கு ஒரு முறை சிவப்பு மையில் குளித்த காகிதங்கள் சென்னைக்கு வந்து சேர்ந்தன.

முதல் விவாதம் ஒரு சொல்லைப் பற்றியது. கிளாரிந்தா ஜெபம் செய்யும்போது கடவுளை என்ன பெயர் சொல்லி அழைப்பாள்? இன்றையத் தமிழ்ச் சபைகளில் 'தேவன்' என்றே பழகிப் போயிருக்கிறது. அந்த வழக்கத்தை நிலைநாட்டியது 1871-இல் வெளிவந்த வேதாகமத் திருப்புதல். தரங்கம்பாடியில் தமிழ்ப் புதிய ஏற்பாட்டை 1715-இல் அச்சிட்டு முடித்த சீகன்பால்க் 'சருவேசுரன்' என்றார். 1772-இல் புதிய ஏற்பாட்டைப் புதிதாய் மொழிபெயர்த்து வெளியிட்ட பப்ரிஷியஸ் 'பராபரன்' என்றார். 1778-இல் ஞானஸ்நானம் பெறும் பெண்ணின் காதில் விழுந்திருக்கக்கூடிய சொல் பராபரன்தான் என்பது தமக்கையாரின் தீர்ப்பு. "அந்தச் சொல்லை நான் சின்ன வயசில் நம் ஆச்சி வாயில் கேட்டிருக்கிறேன். நூறு வருஷத்துச் சொல்லைக் கிழவிகள்தான் காப்பாற்றுகிறார்கள்" என்று ஓரத்தில் எழுதியிருந்தார். கதை முழுவதும் பராபரன் வந்து அமர்ந்ததும், வசனங்களுக்குத் தானாகவே வயது ஏறிவிட்டது. நூறு குதிரை வீரர்களையும் பத்துப் பீரங்கிகளையும் கொண்டுவந்து நிறுத்தினாலும் அந்தக் காலம் அவ்வளவு சுலபமாக வந்து நிற்காது.

இரண்டாவது விவாதம் மரியாதையைப் பற்றியது. பதிவேட்டைப் பற்றிச் சொல்லும் இடங்களில் 'அம்மையார்' என்றும், கதைக்குள்ளே 'அவள்' என்றும் எழுதுவது என்று முடிவாயிற்று. "அம்மையாருக்குப் பசிக்காது, அவளுக்குப் பசிக்கும்" என்றார் தமக்கையார். இலக்கண ஆசிரியை சொன்ன இலக்கணம்!

இப்படியே ஏழு அத்தியாயங்கள் போயின. எட்டாவது அத்தியாயம், ஸ்வார்ட்ஸ் ஞானஸ்நானம் மறுக்கும் அத்தியாயம். அது போய் இருபது நாள் ஆகியும் பதிலில்லை. பிறகு காகிதங்கள் வந்தன. ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. சிவப்பு மையைக் கண்டு நாம் பயந்ததில்லை; வெள்ளையாய் வந்த காகிதத்தைக் கண்டதும் பயம் வந்தது. அன்றிரவே ரயில் ஏறினோம்.

இந்த இடத்தில் நேயர்களுக்கு ஒரு குடும்ப விஷயத்தைச் சொல்ல வேண்டியிருக்கிறது. நமது அத்தான் ஹிந்து. 1972-இல் இருவருக்கும் பதிவுத் திருமணம் நடந்தது. அப்போது தமக்கையார் அங்கத்தினராயிருந்த ஒரு சபை, அன்று முதல் அவரைத் திருவிருந்துக்குச் சேர்க்கவில்லை. ஆராதனைக்கு வரலாம், பாட்டுப் பாடலாம், காணிக்கை போடலாம். அப்பத்துக்கும் ரசத்துக்கும் மாத்திரம் கை நீட்டக் கூடாது. எல்லோரும் எழுந்து பீடத்தண்டை போகும்போது அவர் மாத்திரம் பெஞ்சியில் உட்கார்ந்திருப்பார். கல்லூரியில் படித்துக்கொண்டிருந்த நாம் பக்கத்திலிருந்து எழுந்து போய்விட்டுத் திரும்பி வருவோம். 1984-இல் அத்தான் காலமாகும் வரையில் 12 வருஷம் இப்படி நடந்தது. இதைப் பற்றி அவர் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசி நாம் கேட்டதில்லை, நாமும் கேட்டதில்லை. எங்கள் வீட்டில் அது ஒரு பூட்டிய அறை.

நாம் போனபோது தமக்கையார் முற்றத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். அத்தியாயத்தில் என்ன குறை என்று கேட்டோம். சற்று நேரம் சுளகைப் பார்த்தபடியே இருந்தார்.

"ஸ்வார்ட்ஸ் ஐயர் செய்தது சரியா, தப்பா என்று என்னைக் கேட்காதே, தம்பி. அவர் கையில் ஒரு சட்டம் இருந்தது, அதன்படி செய்தார். பின்னால் தேடி வந்து கொடுத்தவரும் அவர்தானே? ஆனால் அன்று ராத்திரி அந்த அம்மா வீட்டுக்குப் போய் என்ன செய்தாள் என்று நீ எழுதவில்லை. அழுதாள் என்று நாலு வரி இருக்கிறது. அழுதிருப்பாள். அதற்கப்புறம்? அந்த மனுஷனுக்குச் சோறு போட்டிருப்பாள் அல்லவா?"

நாம் ஒன்றும் சொல்லவில்லை.

"பன்னிரண்டு வருஷம் உன் அத்தானுக்கு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சோறு போட்டேன். 'இன்றைக்குக் கோயிலில் எப்படி?' என்று தவறாமல் கேட்பார். 'நல்ல பிரசங்கம்' என்பேன். உள்ளதைச் சொன்னால் சாப்பிடாமல் எழுந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். அவர் போன மூன்றாம் மாசம், இனிமேல் திருவிருந்துக்கு வரலாம் என்று சொல்லியனுப்பினார்கள். போனேன். அப்பத்தைக் கையில் வாங்கினபோது, இது எனக்குக் கிடைத்ததா, அவரைக் கொடுத்து வாங்கினதா என்று இருந்தது. அந்த அம்மாவுக்கும் அதிகாரி செத்த பிறகுதானே கொடுத்தார்கள்? அவள் தலையில் தண்ணீர் விழுந்தபோது எதை நினைத்திருப்பாள் என்று உனக்கு எழுத வருமா?"

ஸ்வார்ட்ஸின் கடிதங்களும் நாட்குறிப்புகளும் அச்சாகியிருக்கின்றன. கால்டுவெல் 1881-இல் எழுதிய திருநெல்வேலி மிஷன் சரித்திரத்திலும் இந்த நிகழ்ச்சி இடம் பெற்றிருக்கிறது. மறுத்தவருடைய நியாயத்தை நாம் இன்றும் படிக்கலாம். மறுக்கப்பட்டவளுடைய மனம் அச்சேறவில்லை. சரித்திரக் கதைக்கு வேலை அங்கேதான் இருக்கிறது. அபாயமும் அங்கேதான் இருக்கிறது. இருபதாம் நூற்றாண்டில் பாளையங்கோட்டையில் ஒரு பெண் பட்ட துக்கத்தை எடுத்து, பதினெட்டாம் நூற்றாண்டுப் பெண்ணின் நெஞ்சில் வைத்துவிடலாமா? அந்தச் சங்கடத்தையும் தமக்கையாரிடமே சொன்னோம்.

"என் மனசை அவளுக்குக் கொடுக்காதே. சோற்றை மாத்திரம் கொடு. சோறு எல்லாக் காலத்துக்கும் பொது" என்றார்.

எட்டாம் அத்தியாயம் இப்போது இப்படி முடிகிறது: கிளாரிந்தா வீட்டுக்குத் திரும்பி விளக்கேற்றுகிறாள். நமது கதையில் அதிகாரிக்குக் கால் வீக்கம். அதற்கு எண்ணெய் காய்ச்சச் சொல்லுகிறாள். தானே தேய்த்தும் விடுகிறாள். "பாதிரியார் என்ன சொன்னார்?" என்று அவன் கேட்கிறான். "பிறகு பார்க்கலாம் என்றார்" என்கிறாள். அவ்வளவுதான். இந்தப் பக்கங்களும் மையில்லாமலே திரும்பி வந்தன; ஆனால் கடைசி வரிக்குக் கீழே பென்சிலால் 'சரி' என்று எழுதியிருந்தது.

கதைக்கு முன்னால் ஒரு பக்கம் சேர்த்திருக்கிறோம். அதில் இரண்டு பத்திகள். ஒன்றில் சரித்திரம் சொல்லுகிறவை: மறுப்பு, 1778, 1780, நாற்பது பெயர்கள், 1785. மற்றதில் நாம் சொல்லுகிறவை: எண்ணெய், கால் வீக்கம், 'பிறகு பார்க்கலாம்' என்ற பதில். ராஜா ராணி கதையில் கற்பனையைச் சரித்திரமென்று நம்பினால் பெரிய நஷ்டமில்லை. எங்கேயோ ஒரு கோட்டையில் இல்லாத சுரங்கத்தைத் தேடிவிட்டு வீடு திரும்புவார்கள். பக்தி சம்பந்தப்பட்ட விஷயம் அப்படியல்ல. இன்றைக்குக் கதை, நாளைக்குப் பிரசங்கத்தில் திருஷ்டாந்தம், மறுநாள் சாட்சியம் என்று படியேறிவிடும். பிறகு அதை இறக்க ஒருவராலும் ஆகாது. ஆகையால் எழுதியவனே வாசலில் நின்று, 'இது வரையில் அவர்கள் வீடு, இதற்கு மேல் நான் கட்டின திண்ணை' என்று சொல்லிவிடுவது நல்லது. குடும்பத்துக்காகவும் ஊருக்காகவும் இம்மாதிரி எழுதுகிற மற்றவர்களுக்கும் இந்த ஒரு பக்கத்தைச் சிபாரிசு செய்கிறோம். கையெழுத்துப் பிரதியை முதலில் வீட்டில் ஒருவர் கையில் கொடுப்பதையும் சிபாரிசு செய்கிறோம். வெளியார் கதையைத் திருத்துவார்கள். கதைக்குப் பின்னாலிருக்கும் கதவைத் திறக்க வீட்டாரிடம்தான் சாவி இருக்கிறது.

இதையெல்லாம் பத்திரிகையில் எழுதலாமா என்று தமக்கையாரைக் கேட்டோம். "எழுது. சபையின் பெயரைப் போடாதே. அன்றைக்குத் தடுத்தவர்களில் பாதிப் பேருக்கு நான்தான் சாவு வீட்டில் பாட்டுப் பாடினேன்" என்றார்.

பிறகு ஒரு புதுக் கேள்வியையும் போட்டார். பதிவேட்டில் நாற்பது பேர் இருக்கிறார்களே. பல ஜாதியாரும் ஒரே ஏட்டில் அடுத்தடுத்து எழுதப்பட்டிருக்கிறார்களே. ஒருத்தியைப் பற்றியே எத்தனை அத்தியாயம் எழுதுவது? மற்ற முப்பத்தொன்பது பேரும் அன்றிரவு வீட்டுக்குப் போய்ச் சாப்பிடவில்லையா?

நியாயமான கேள்விதான். ஒன்பதாம் அத்தியாயத்தில் ஒரு சிப்பாயின் மனைவி வருகிறாள். அவளுக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. காகிதத்தின் மறுபக்கம் தமக்கையாருக்காகக் காலியாக இருக்கிறது.