புழு போட்ட கள்ளக் கையெழுத்து

ஜவ்வாது மலையில் வெறுங்காலோடு நடந்தால், மண்ணிலிருக்கும் கொக்கிப்புழு பாதம் வழியாகவே உள்ளே போய்விடும். அப்புறம் குடலில் தங்கி ரத்தம் உறிஞ்சும். நம் எதிர்ப்புச் சக்தி அதுவரை தூங்குகிறதா என்று கேட்பீர்கள்.

தூங்கவில்லை; அடக்கி வைக்கப்படுகிறது. எதிர்ப்புப் படையில் 'ரெகுலேட்டரி டி செல்' என்றொரு ஏட்டய்யா உண்டு. 'போதும்பா, விடு' என்று மற்ற செல்களை அதட்டுபவர். சாதாரண டி செல்லுக்கு 'டிஜிஎஃப் பீட்டா' என்ற சிக்னல் கிடைத்தால் இந்தப் பதவி உயர்வு கிடைக்கும். கொக்கிப்புழுவுக்கு உறவான ஓர் எலிப்புழு, அதே சிக்னல் மாதிரி ஒரு புரதத்தைச் சுரந்து, எலியின் டி செல்களை ஏட்டய்யாக்களாக மாற்றுவதை 2017-ல் கண்டுபிடித்தார்கள். பி.காம். பாஷையில், முதலாளியின் கள்ளக் கையெழுத்து!

ரத்தசோகை தரும் புழு ஒழியத்தான் வேண்டும். வேலூர் சி.எம்.சி. 2017-ல் தொடங்கிய ஆய்வில், இந்த மலையில் பெரியவர்களுக்கும் பூச்சி மாத்திரை கொடுத்துப் பார்த்தார்கள். புழு போகட்டும். கையெழுத்தை மட்டும் வாங்கி வைத்துக்கொள்வோம். சொந்த உடம்பையே தாக்கும் நோய்களுக்கு நாளை அது மருந்தாகலாம்.