சிவப்பு

அக்கா கேட்கவே இல்லை. நானாகத்தான் அந்த ஆப்பை எழுதிக் கொடுத்தேன். ஊருக்குப் போயிருந்தபோது ராத்திரி பத்து மணிக்கு அவள் மூன்றாம் வகுப்பு நோட்டுகளைத் திருத்திக்கொண்டிருந்தாள். பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. "இதெல்லாம் போன்லயே முடிச்சிடலாம்க்கா. இனிமே நோட்டைத் தூக்கிட்டு வராத." எங்கள் தொழிலில் இருக்கிறவர்களுக்கு இந்த வியாதி உண்டு.

கணக்குக்கு நான்கு விடைகள். 26 பிள்ளைகளும் வரிசையாக வந்து அக்காவின் போனில் தொட வேண்டும். சரி என்றால் பச்சை, தப்பு என்றால் சிவப்பு. இரண்டு வாரம் நன்றாக ஓடியது. அதாவது, அப்படி நினைத்துக்கொண்டிருந்தேன்.

"தம்பி, 52-ல 27 போனா எவ்வளவுன்னு ஒரு கணக்கு. பதினாலு பேருக்குச் சிவப்பு. என்ன தப்பு பண்ணாங்கன்னு எங்க பார்க்கிறது?"

"தப்புன்னா தப்புதானேக்கா."

"போடா. நோட்டுன்னா பார்த்ததுமே தெரியும்."

டேட்டாபேஸைத் திறந்தேன். சரியா தப்பா என்று ஒரே ஒரு பூலியன். பிள்ளை தொட்ட எண் எங்கேயும் இல்லை. ஆபீஸில் எர்ரர் என்று யாராவது வந்தால், லாக் எங்கே என்று கேட்காமல் வாயைத் திறக்காதவன் நான்.

அன்றே தொட்ட எண்ணையும் சேமிக்க வைத்தேன். மறுநாள் அதே கணக்கு. சிவப்பு வாங்கியவர்களில் பெரும்பாலானவர்கள் தொட்டது 35. இரண்டில் ஏழு போகாது, அதனால் ஏழில் இரண்டைக் கழித்திருக்கிறார்கள். கவனக்குறைவு இல்லை, தப்பான விதியை ஒழுங்காகப் பின்பற்றியிருக்கிறார்கள். பிரவுன், பர்ட்டன் என்ற இருவர் 1978-லேயே இதை 'பக்' என்று சொல்லிக் கட்டுரை எழுதியிருக்கிறார்கள். குழந்தையைப் போலவே தப்புத் தப்பாகக் கழிக்கும் 'பக்கி' என்ற ப்ரோக்ராமை வைத்து, ஆசிரியப் பயிற்சி மாணவர்களை அந்தத் தப்பைக் கண்டுபிடிக்கச் சொன்னார்கள். அக்கா இதையெல்லாம் படித்ததில்லை. ஈர்க்குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி எடுத்துப்போய், ஒரு கட்டை அவிழ்த்துக் காட்டினாள். பாதிப் பேருக்கு அன்றே புரிந்துவிட்டது.

ஒரே ஒரு பெண் மட்டும் 79-ஐத் தொட்டிருந்தாள். கூட்டியிருக்கிறாள். அக்கா போனைக் காட்டி வாசிக்கச் சொல்ல, "ஐம்பத்தி ரெண்டு, இருபத்தி ஏழு" என்றாளாம். நடுவில் என்ன என்று கேட்டதற்கு, "ஒண்ணும் இல்ல டீச்சர்."

கீபோர்டில் இருக்கும் குட்டிக் கோட்டைப் போட்டிருந்தேன், அதுவும் வெளிர் சாம்பல் நிறத்தில். டிசைன் அழகாக இருக்குமாம். யூனிகோடில் கழித்தலுக்கென்றே 2212 என்ற எண்ணில் தனிக் குறி இருக்கிறது. மற்ற பிள்ளைகள் வரிசையில் நிற்கும்போதே "கழித்தல்டா" என்று கிசுகிசுத்துக்கொண்டார்கள். இவள் யாரிடமும் பேச மாட்டாள்.

எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துத்தான் பாடம். சிவப்பைப் பார்த்து அவளை மொட்டிலிருந்து அரும்புக்கு அனுப்பியிருந்தாள் அக்கா. அந்த இரண்டு வாரமும் நோட்டைப் பார்க்கவில்லை. நான்தான் வேண்டாம் என்றேனே.

குறியைப் பெரிதாக்கிக் கறுப்பில் போட்டுவிட்டேன். அவளும் மொட்டுக்குத் திரும்பிவிட்டாள். நோட்டுகள் மறுபடி வீட்டுக்கு வருகின்றன, ஆப் வெள்ளிக்கிழமை மட்டும். அந்த முதல் இரண்டு வாரத்துச் சிவப்பு இன்னும் டேட்டாபேஸில் அப்படியே கிடக்கிறது. அதில் எது அவள் தப்பு, எது என் தப்பு என்று பிரித்தெடுக்க வழியில்லை.