அளந்தறியும் தொழில்: கெங்கவல்லிப் பகுதியில் கார் பேட்டரி

சேலம் மாவட்டத்தில் ஆத்தூருக்குத் தெற்கே, பச்சைமலைக்கு வடக்கே விரியும் சமவெளியில் உள்ள கெங்கவல்லி, குச்சிக்கிழங்கும் நெல்லும் விளையும் சிற்றூர்களுக்கு வட்டத் தலைநகராகும். இத்தகைய ஊர்களில் வீட்டுக் கார், தோட்டத்து வீட்டிலிருந்து கடைவீதிக்கும் எப்போதேனும் ஆத்தூருக்கும் சென்று திரும்புவதோடு நின்று, எஞ்சிய நாள்களில் வெயிலிலோ தகரக் கொட்டகையிலோ கிடப்பது வழக்கம். குறுகிய ஓட்டத்தில் பேட்டரி இழந்த மின்னாற்றல் முழுதும் திரும்புவதில்லை. கோடை வெப்பமோ அதன் தகடுகளை அரித்து, உள்ளிருக்கும் நீரையும் குறைக்கிறது. ஆகவே பேட்டரியை எப்போது மாற்றுவது, எதை வாங்குவது என்னும் கேள்விகளுக்கு இப்பகுதியில் விடை சொல்ல வேண்டியவர், விளம்பரத்தைவிட, கடைவாசலில் அமிலம் பட்டு ஓட்டை விழுந்த சட்டையோடு நிற்கும் பேட்டரித் தொழிலாளியே ஆவார். மூடி முத்திரையிட்ட பேட்டரிகள் பெருகிய பின் அவருடைய அறிவு மதிப்பிழந்து, தொழில் வெறும் விற்பனையாகச் சுருங்கி வருகிறது.

பிரான்சைச் சேர்ந்த காஸ்தோன் பிளான்தே 1859இல் உருவாக்கிய, கார் பேட்டரிக்கு அடிப்படையான ஈய அமில மின்கலம், 1881இல் கமீல் ஃபோர் தகடுகளில் ஈயப் பசையைப் பூசும் முறையைக் கண்டறிந்த பின் பெருமளவில் உற்பத்தியாகும் பொருளாயிற்று. ஓட்டுநர்கள் ‘செல்ஃப்’ என்று வழங்கும் மின்தொடக்கி மோட்டார் 1912ஆம் ஆண்டுக் கேடிலாக் காரில் இடம்பெற்றதிலிருந்து அம்மின்கலம் காரின் இன்றியமையாத உறுப்பாகவும் ஆயிற்று. 12 வோல்ட் பேட்டரி என்பது, ஒவ்வொன்றும் ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும் ஆறு அறைகளின் தொடர். இவ்வறைகளையே தொழிலாளர் ‘செல்’ என்கின்றனர். பேட்டரி மின்சாரம் தரும்போது கந்தக அமிலம் தகடுகளோடு வினைபுரிந்து ஈய சல்ஃபேட்டாகப் படிவதால் கரைசல் நீர்த்துப்போகிறது. சார்ஜ் ஏறும்போது அப்படிவு கரைந்து அமிலம் மீள்கிறது. எனவே ஒவ்வொரு செல்லிலும் எவ்வளவு மின்னிருப்பு உள்ளது என்பதைக் கரைசலின் அடர்த்தியே காட்டிவிடும்.

இவ்வடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டர்தான் இத்தொழிலின் ஆணிவேரான கருவியாகும். ஒரு முனையில் ரப்பர்க் குமிழும் மறுமுனையில் மெல்லிய குழாயும் கொண்ட கண்ணாடிக் கூட்டினுள், எண்கள் பொறித்த மிதவை ஒன்று இருக்கும். குமிழை அழுத்தி விட்டால் கரைசல் உள்ளே ஏறி மிதவையைத் தூக்கும். அடர்த்தி மிகுந்த கரைசலில் மிதவை உயரும், நீர்த்த கரைசலில் தாழும். முழுச் சார்ஜில் 1.250 முதல் 1.280 வரை காட்டும் அளவைத் தொழிலாளர் புள்ளியை விட்டு 1250, 1280 என்றே வழங்குவர். அது 1120ஐ ஒட்டி இறங்கினால் செல் ஏறக்குறைய வெறுமையாயிற்று என்று பொருள். நீர் ஊற்றியவுடன் அளக்கலாகாது. மேலே நிற்கும் நீர் கலக்காத நிலையில் அளவு பொய்யாகும். வெப்பத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும்: 27 டிகிரி செல்சியஸுக்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.0007 கூட்ட வேண்டுமாதலால், பானெட்டுக்குள் 47 டிகிரிக்குச் சூடேறிய பேட்டரி 1236 காட்டினால் அதன் மெய்யான அளவு 1250 ஆகும்.

கருவி எண்ணைக் காட்டுகிறது. ஆறு எண்களை ஒப்பிட்டுப் பொருள் காண்பது தொழிலாளியின் பயிற்சி. ஆறு செல்களும் ஒரே சீராகத் தாழ்ந்திருப்பின் பேட்டரி பெரும்பாலும் பிழைக்கும். குறை, தளர்ந்த பெல்ட்டிலோ, ‘டைனமோ’ என்று பொதுவாக அழைக்கப்படும் ஆல்டர்னேட்டரிலோ, வண்டி நிற்கும்போதும் மின்சாரம் கசியும் வயரிலோ இருக்கக்கூடும். ஐந்து செல்கள் நன்றாயிருக்க ஒன்று மட்டும் 50 புள்ளிக்கு மேல் தாழ்ந்திருந்தால் அந்தச் செல் பழுதுபட்டிருக்கக் கூடும். சார்ஜ் ஏற்றிய பின்னும் வேறுபாடு நீடித்தால் மாற்றுவதே வழி. மூடிய பேட்டரிகளின் மேலுள்ள பச்சைக் கண், ஆறில் ஒரு செல்லை மட்டுமே பார்ப்பதால், அது பச்சையாக இருப்பது பேட்டரி முழுவதற்குமான நற்சான்று ஆகாது. அவற்றுக்கு வோல்ட் அளவும் லோடு டெஸ்டரும் தேவை: ஓய்ந்திருக்கும் பேட்டரி ஏறத்தாழ 12.6 வோல்ட்டும், இயந்திரம் ஓடும்போது சார்ஜ் 13.8 முதல் 14.5 வோல்ட்டும் காட்ட வேண்டும். சார்ஜ் ஏறிய பேட்டரி, குளிர்த்தொடக்க மின்னோட்டத்தில், அதாவது குளிரில் இயந்திரத்தைக் கிளப்பப் பேட்டரி தரக்கூடிய மின்னோட்டத்தில், பாதியளவு சுமையை 15 விநாடி தாங்கும்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே இறங்கலாகாது.

மாற்றியே தீர வேண்டும் என்று உறுதியான பிறகு, தேர்வு எளிது. வண்டியின் கையேடு குறிக்கும் ஆம்பியர்-மணி, அதாவது மின்கொள்ளளவு, குறையலாகாது. பேட்டரி தட்டில் அமர வேண்டும். பாசிட்டிவ் முனை பழைய பக்கத்திலேயே அமைய வேண்டும், இல்லையேல் கேபிள் எட்டாது. குளிர்த்தொடக்க மின்னோட்டம் என்னும் அளவு மைனஸ் 18 டிகிரியில் கணிக்கப்படுவதாதலால், கெங்கவல்லியின் வெயிலில் அந்த எண் பெரிதாயிருப்பதற்காக மட்டும் கூடுதல் விலை கொடுப்பதில் பயன் குறைவு. சிக்னலில் தானே அணைந்து தானே கிளம்பும் கார்களுக்கு அதற்கென்றே செய்த பேட்டரி தேவை. உற்பத்தி மாதத்தைப் பார்த்து, அலமாரியில் நெடுநாள் கிடந்ததைத் தவிர்க்க வேண்டும். உத்தரவாத மாதங்களில் முழுவதும் இலவச மாற்றுக்குரியவை அல்ல; பிற்பகுதி பெரும்பாலும் விலைக்கழிவு மட்டுமே தரும். திறக்கும் மூடியுள்ள பேட்டரியை வாங்குவோர் டிஸ்டில்டு வாட்டர் மட்டுமே ஊற்ற வேண்டும். போர்த் தண்ணீரின் சுண்ணாம்பும் இரும்பும் தகட்டைக் கெடுக்கும், மட்டம் குறைந்ததற்காக ஊற்றும் அமிலமோ அதனினும் விரைவாகக் கெடுக்கும்.

இவ்வளவு அறிவுக்கும் கிடைக்கும் கூலியைக் கருதும்போதுதான் இத்தொழிலின் அநீதி புலப்படுகிறது. ஆறு செல்லையும் அளந்து, டைனமோ பெல்ட்டை இறுக்கினால் போதும் என்று உண்மை சொல்லும் தொழிலாளிக்குக் கிடைப்பது சொற்பம். அளக்காமலே புதியது ஒன்றை விற்பவருக்குக் கிடைப்பது கழிவுத்தொகை. பழைய பேட்டரியின் எடையில் பாதிக்கு மேல் ஈயம். உருக்கிய ஈயம் மீண்டும் மீண்டும் பயன்படுவது. அதன் மதிப்பை அறியாத வாடிக்கையாளர் எக்ஸ்சேஞ்ச் விலையாகச் சொன்னதை ஏற்க, கைக்குக் கை மாறும் இலாபம் இடைத்தரகரிடமும், அமிலப் புண்ணும் ஈயத் தூசும் உழைப்பவரிடமும் தங்குகின்றன. முறைசாரா உலைகளில் அமிலத்தை மண்ணில் கொட்டி ஈயம் உருக்கும்போது, கேடு தொழிலாளியோடு நிற்பதில்லை. உலகில் ஏறத்தாழ 80 கோடிக் குழந்தைகளின் இரத்தத்தில் டெசிலிட்டருக்கு 5 மைக்ரோகிராமோ அதற்கு மேலோ ஈயம் இருப்பதாக 2020இல் யுனிசெஃபும் பியூர் எர்த் அமைப்பும் மதிப்பிட்டு, பழைய பேட்டரிகளைப் பாதுகாப்பின்றி உருக்குவதை முதன்மைக் காரணங்களுள் ஒன்றாகச் சுட்டின. 2001ஆம் ஆண்டின் பேட்டரி விதிகளும், அவற்றுக்கு மாற்றாக வந்த 2022ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளும் பழையதைத் திரும்பப் பெறும் பொறுப்பை உற்பத்தியாளர் வரை நீட்டியுள்ளன. அப்பொறுப்பு ஊரகக் கடைவாசலை எட்டாதவரை அது காகிதத்திலேயே நிற்கும்.

இதில் கார் வைத்திருப்போர் ஒதுங்கி நிற்க இயலாது. சோதனைக்குத் தனிக் கூலி கொடுத்து, ஆறு செல்லின் அளவையும் எழுதி வாங்கிய பிறகே புதியது வாங்குவது என்று அவர்கள் வழக்கப்படுத்திக்கொண்டால், உண்மை சொல்வதும் தொழிலாளிக்குப் பிழைப்பாகும். பழையதைப் பதிவுபெற்ற மறுசுழற்சிக்கு அனுப்பும் கடையிடம் மட்டுமே ஒப்படைத்து, அதற்குரிய விலையைப் பில்லில் தனியே குறிக்கக் கேட்டால் தரகரின் மறைவு இலாபம் வெளிப்படும். பேட்டரித் தொழிலாளியின் அறிவுக்குக் கூலி தர மறுப்போர், அதைவிடப் பன்மடங்கை வேண்டாத புதுப் பேட்டரிக்குக் கொடுக்க நேரும்.